விலங்கு அழுத மதியம்

அந்த உடையில் பை கிடையாது. வெளியாட்கள் யாரும் இதை யோசிப்பதில்லை. நடிகரின் அசைவைக் கணினிக்குக் கொண்டுபோகும், உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை, மேலெங்கும் ஒளியைத் திருப்பியடிக்கும் சிறு உருண்டைகள். சாவிக்கோ கைபேசிக்கோ அதில் இடமில்லை. அதனால் வெலிங்டனில் எங்கள் படப்பிடிப்புக் கூடத்துக்குள் நுழையும் ஒவ்வொரு நடிகரும் தன் கைபேசியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். உன் அண்ணன் செமிசி என்னிடம் கொடுப்பான்.

லூபே, நீ கேட்டது இதுதான். உங்கள் அம்மா உயிர்விடும் முன் மகனோடு பேசினார் என்று முதியோர் காப்பகத்துச் செவிலி சொல்கிறாள். பேசவே இல்லை என்று செமிசி சொல்கிறான். யார் சொல்வது பொய்? இரண்டுமே பொய் இல்லை.

அப்போது நாங்கள் எடுத்துக்கொண்டிருந்த படத்தில் ஒரு கிழ மலைவிலங்கு வருகிறது. யானையை விடப் பெரியது, நான்கு காலில் நடப்பது. அந்த நடை என்னுடையது. இரு கைகளிலும் கட்டைகளை மாட்டிக்கொண்டு, பின்னங்கால் ஒன்றைச் சற்றே இழுத்து, மாதக்கணக்கில் நடந்து பார்த்து நான் கண்டுபிடித்தேன். ஆனால் எனக்கு முகம் வராது. இயக்குநர் அம்மையார் நேராகவே சொன்னார்: "ஈசாயா, உன் உடம்பு பேசுது. மூஞ்சி தூங்குது." செமிசிக்கு முகம் இருந்தது. நான் நடையைக் கற்றுக்கொடுத்தேன், அவன் நடித்தான். தலைக்கவசத்திலிருந்து நீண்ட கம்பியின் நுனியில் ஒரு சிறு கேமரா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். முகமெங்கும் பேனாவால் வைத்த புள்ளிகள். அவை அசைந்தால் விலங்கின் முகம் அசையும். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பாடகர் குழுவிலும் அவன்தான் மெட்டைப் பாடுவான். நான் அடிக்குரல்.

அம்மாவோடு அவனுக்கு வந்த சண்டை உனக்குத் தெரியும். போரிருவாவில், ஆராதனை முடிந்து எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது, யாரோ கைபேசியில் அவனுடைய முதல் படத்தைப் போட்டார்கள்.

"இதுல உங்க பையன் எங்க, சியேனி?" என்று அம்மாவைக் கேட்டார் ஒருவர்.

"வால் ஆடுதே, அதுதான் நான்," என்றான் செமிசி. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"ஆண்டவர் இவனுக்கு நல்ல மூஞ்சியக் குடுத்தாரு. இவன் நேபுகாத்நேச்சார் ராஜா மாதிரி மிருகமாகிப் புல்லு மேயப் போயிட்டான்."

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. போதகர்கூடச் சிரித்தார். செமிசி கிழங்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். அதன் பிறகு அவன் அம்மாவின் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மாவைக் காப்பகத்தில் சேர்த்தாயிற்று என்று நீ சொன்னபோதும், "ஞாயித்துக்கெழம போறேன்" என்றுதான் சொன்னான். உண்மையிலேயே போயிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வாரம் விலங்கு தன் குட்டி செத்துக் கிடப்பதைக் காணும் காட்சி. நாள் கணக்கில் எடுத்தும் வரவில்லை. "அழகா அழறே செமிசி. எனக்கு அழகு வேண்டாம்," என்றார் இயக்குநர். இன்றும் வராவிட்டால் முகத்தை வரைகலைஞர்களே கணினியில் செய்துகொள்வார்கள் என்று முடிவாகியிருந்தது. முகத்தில் கைவைத்தவர்கள் நடையையும் விட்டுவைக்கமாட்டார்கள். இதை அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

"அடுத்த வாரம் நான் பஸ் ஓட்டப் போயிடுவேன்டா," என்றான் செமிசி, சாப்பாட்டு நேரத்தில்.

"உனக்கு ரிவர்ஸே வராதேடா."

"பஸ் எதுக்குடா பின்னாடி போகுது?"

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகச் சொன்ன வேடிக்கை.

பிற்பகலில் என் சட்டைப்பையில் அவன் கைபேசி அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தேன். தெற்கிலிருந்து அடித்த காற்றில் கதவைத் தோளால் தள்ளிப் பிடிக்கவேண்டியிருந்தது. செவிலி பேசினாள். "செமிசியா? அம்மா உங்ககிட்டப் பேசணுங்கறாங்க. அதிக நேரம் இல்ல." நீ அப்போது காப்பகத்துக்குப் போகும் வழியில் இருந்தாய். மரம் விழுந்து சாலை அடைபட்டிருந்த நாள் அது.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் அவன் இருந்தான். கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பான். பேசியிருப்பான், உடையோடே வண்டியேறிப் போயிருப்பான். அந்தக் காட்சி அவனுக்கு இல்லாமல் போயிருக்கும். இவ்வளவையும் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. அவசரத்தில் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.

"ஆமா, செமிசிதான்," என்றேன். சிறுவயதிலிருந்து அவனைப் போலப் பேசிக்காட்டி உங்கள் வீட்டில் எல்லோரையும் சிரிக்கவைத்தவன் நான்.

"சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டேம்மா."

"அன்னிக்கு அத்தன பேர் முன்னாடி உன்ன அசிங்கப்படுத்திட்டேன். தப்புடா. அந்தப் படத்த லூபேகிட்டச் சொல்லித் திரும்பப் போட்டுப் பாத்தேன். அந்த மிருகம் திரும்பிப் பாக்குதே, அது நீதான். எனக்குத் தெரிஞ்சிடுச்சு. மன்னிச்சிரு. நானும் உன்ன மன்னிச்சிட்டேன்."

"சரிம்மா."

மாலைப் பாட்டைப் பாடச் சொன்னார். பாடினேன். பழக்கமில்லாவிட்டாலும் மெட்டைத்தான் பாடினேன். அவரும் சில வரிகள் கூட வந்தார். பிறகு அவர் குரல் நின்றது. நான் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்தபின் செவிலி எடுத்து, "நிம்மதியாப் போயிட்டாங்க, செமிசி," என்றாள். நன்றி சொன்னேன்.

உள்ளே போனேன். கைக்கட்டையைச் சரிசெய்யவேண்டும் என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டு, போகிற வழியில் கேமராக்காரரிடம் பதிவைத் தொடங்கும்படி விரலால் சைகை காட்டினேன். செமிசி நான்கு காலில் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் மண்டியிட்டு அவன் காதில் சொன்னேன்.

"அம்மா போயிட்டாங்கடா. இப்பத்தான்."

அவன் என்னைப் பார்த்தான். "என்னக் கேட்டாங்களா?"

"இல்ல."

"ஒரு வார்த்தகூடவா?"

"இல்லடா."

நான் விலகிக்கொண்டேன். கட்டைகள் கையோடு இறுகக் கட்டியிருந்ததால் அவனால் முகத்தைப் பொத்திக்கொள்ள முடியவில்லை, எழுந்து நிற்கவும் இல்லை. அந்த நடையில்தான், பின்னங்காலை இழுத்துக்கொண்டு, கூடத்தின் மூலைவரை போனான். அங்கே அவன் போட்ட சத்தத்தை நீ திரையரங்கில் கேட்டிருக்கிறாய். கண்ணீரில் புள்ளிகள் கரைந்துவிட்டன. பிறகு அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் குறிக்கவேண்டியிருந்தது என்று கணினிக்காரர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். இயக்குநர் அழுதார். மறுமுறை எடுக்கவில்லை.

"ஆமா" என்று சொல்லியிருந்தால் அந்த முகம் கிடைத்திருக்காது. மன்னிக்கப்பட்டவன் வேறு விதமாக அழுவான். இது என் தொழிலில் எனக்குத் தெரிந்த விஷயம்.

அடக்கத்தன்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்று பெட்டியின் ஓரத்தைப் பிடித்தபடி மறுபடியும் கேட்டான். அப்போது சொன்னால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பான். படம் வெளிவந்தது, உலகமே அந்த முகத்தைப் பற்றிப் பேசியது. அவன் அதன்பின் அந்த உடையைத் தொடவில்லை. ஞாயிறுகளில் ஆலயத்துக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறான், பாட்டு முடிந்ததும் கிளம்பிப் போய்விடுகிறான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான். "நெசமாவே கேக்கலியாடா?" நானும் அதே பதிலைச் சொல்கிறேன்.

இனியாவது அவனிடம் சொல் என்பாய். எதைச் சொல்வது, லூபே? அவன் அங்கே இல்லை. சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டது என்னிடம், கடைசிவரை கூடப் பாடியது நான். அவனுக்குச் சேரவேண்டியதை நான் வைத்துக்கொண்டிருப்பதாக நீ நினைப்பாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று அவர் மன்னித்தது என்னை.