மணி அணைக்க வந்தவள்

— பாத்தியா? பொத்தானை அழுத்தி இன்னும் கையை எடுக்கல, ஓடி வந்து நின்னுட்டா. இதுக்குப் பேருதான் சேவை. நோட் பண்ணிக்க.

— பண்ணிக்கிட்டேங்க. வந்தா, பல்லைக் காட்டினா, சுவத்துல ஒரு தட்டுத் தட்டி மணியை அணைச்சா, போயிட்டா. காலையில இருந்து இதே கூத்துதான். உங்களுக்கு என்ன செஞ்சா?

— சிஸ்டர் வந்துட்டே இருக்காங்கன்னு சொன்னாளே.

— வந்துட்டேதான் இருக்காங்க. அவங்க வர்ற வேகத்துக்கு இந்நேரம் கடலே தாண்டியிருக்கலாம்.

— சிரிக்க வைக்காதே. தையல் இழுக்குது.

— நேத்துதானே பித்தப்பையை எடுத்தாங்க. மறுநாளே எழுந்து உக்காந்து பேப்பர் படிப்பேன்னு டாக்டர்கிட்ட சவால் விட்டீங்க. இப்போ கண்ணாடியக்கூடத் தேடல. மூஞ்சி ஏன் இப்படி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?

— ஏசி. கொஞ்சம் தண்ணி கொடு. நாக்கு மேலண்ணத்துல ஒட்டுது.

— கேக்காம கொடுக்கலாமான்னு தெரியலயே.

— அப்போ மறுபடி மணியை அழுத்து. அதுக்குத்தானே அதை வைக்கச் சொன்னேன்.

— ஆமா, நீங்கதான் வைக்கச் சொன்னீங்க. மாடிக்குக் கொண்டுவரும்போது ஸ்ட்ரெச்சர் தள்ளினவர்கிட்ட வரைக்கும் சொல்லிட்டீங்க.

— சொன்னா என்ன? பிஸ்கட் கம்பெனியில மெஷின் நின்னுடுச்சுன்னா விளக்கு எரியும். ஒரு நிமிஷத்துல ஆள் வரணும். அதே யோசனையை இங்க கொண்டுவந்தேன். இந்த ஆஸ்பத்திரியோட தரக் குழுத் தலைவர்னு சும்மாவா உக்கார வச்சாங்க? கீழ வாசல்ல போர்டு பாத்தியா? 'எங்கள் மருத்துவமனையில் எந்த அழைப்பும் ஒரு நிமிடத்தைத் தாண்டியதில்லை.' விருது கொடுத்த அதிகாரி அந்த போர்டு பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு.

— பிஸ்கட் வாயைத் திறந்து தண்ணி கேக்காது. அது உங்களுக்கு வசதியா இருந்திருக்கும்.

— உனக்கு நிர்வாகம் புரியாது. அழுத்து.

— அழுத்திட்டேன். இதோ வந்துட்டா, காலுல சக்கரம் கட்டின மாதிரி.

— வணக்கம் சார், வணக்கம் மேடம். உங்கள் நலமே எங்கள் நிம்மதி. என்ன உதவி வேணும்?

— இவருக்கு ரொம்ப தாகமா இருக்காம். உள்ளங்கை ஐஸ் மாதிரி இருக்கு, நெத்தி மட்டும் வேர்க்குது. கொஞ்சம் பாரும்மா.

— கண்டிப்பா மேடம். சிஸ்டர் வந்துட்டே இருக்காங்க. மணியை அணைச்சுடுறேன்.

— அதை அணைக்கிறதுல ஒரு குறையும் இல்ல. இவரை யாரு பாக்குறது?

— மேடம்... கட்டிலுக்குக் கீழ தொங்குதே, வயித்துல இருந்து வர்ற குழாயோட பை. அது எப்போ இந்த அளவுக்கு ரொம்புச்சு?

— காலையில அடியில கொஞ்சம் இருந்துச்சு, ரோஸ் கலர்ல. இப்போதான் பாக்குறேன். ஐயையோ, என்ன இவ்வளவு சிவப்பா இருக்கு?

— சார், தோள்பட்டையில வலி இருக்கா? மூச்சு விடும்போது?

— இருக்கு. ஏன், நீ என்ன கேள்வியெல்லாம் கேக்குறே? உனக்குக் கொடுத்த பேச்சுல இது இல்லையே?

— சாரி சார். நான் போய் சிஸ்டர்கிட்ட சொல்றேன்.

— போயிட்டாளா? வழக்கத்தைவிட ரொம்ப நேரம் நின்னுட்டா. அதுக்குள்ள ரெண்டு ரூமுல மணி அடிச்சிருக்கும். இதை நோட் பண்ணணும்.

— நீங்க முதல்ல உங்களை நோட் பண்ணுங்க. அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தீங்களா? சிரிப்பைக் கழட்டி வச்சுட்டுப் போனா.

— அவளுக்கு என்ன தெரியும்? மணி அணைக்கிற பொண்ணு. நர்ஸை அனுப்பினா கால் மணி நேரம் ஆகுது, ஊசி போடுறா, கட்டு பிரிக்கிறா, கதை கேக்குறா. போர்டு கெட்டுப்போகுது. அதனால மணிக்குன்னு தனியா பொண்ணுங்க. சிரிக்கத் தெரிஞ்சா போதும், படிப்பு வேண்டாம், நோயாளியைத் தொடவும் வேண்டாம். என்னோட யோசனைதான். உடுப்பு மட்டும் நர்ஸ் மாதிரியே.

— நானும் நர்ஸுன்னு நம்பித்தானே காலையில இருந்து அவகிட்ட புலம்பினேன்!

— நம்பணும்னுதான் அந்த உடுப்பு. அதுல ஒரு நிம்மதி இருக்கு பாரு.

— அது சரி. கொஞ்சம் முன்னாடி வராந்தா முழுக்க அவ சொன்ன அந்த சிஸ்டரைத் தேடிட்டு வந்தேனே, அந்தக் கதையைக் கேளுங்க. இந்த மாடிக்கு மொத்தமே ஒருத்திதான். கடைசி ரூமுல ஒரு அம்மாவுக்கு வலிப்பு. அவங்க நாக்கைக் கடிச்சுக்காம தலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. 'இவங்களை விட்டுட்டு வந்தா இவங்க இருக்க மாட்டாங்கம்மா'ன்னு என்னைப் பாத்து அழுறா. அவ காலையில டீ கூடக் குடிக்கலயாம்.

— ஒருத்தியா? மூணு பேர் இருக்கணுமே.

— ஒருத்தி ஆபரேஷன் தியேட்டர்ல. இன்னொருத்தி, இருக்கிறதிலேயே ரொம்பப் படிச்சவளாம், பெரிய பட்டமெல்லாம் வாங்கினவளாம், அவ கீழ வாசல்ல நிக்கிறா.

— வாசல்ல அவளுக்கு என்ன வேலை?

— வர்றவங்களுக்குப் பூங்கொத்து கொடுக்குற வேலை. பட்டம் வாங்கின முகம் முன்னாடி நின்னா ஆஸ்பத்திரிக்கு மதிப்புன்னு குழுவுல யாரோ ஒரு மகாபுத்திசாலி சொன்னாராம்.

— அந்த மகாபுத்திசாலி நான்தான்.

— தெரியும். நேத்து அந்தப் பூங்கொத்தை வாங்கும்போதே உங்க மீசை துடிச்சதைப் பாத்தேன்.

— ஜன்னலைத் திற. காத்தே வரல.

— திறந்துதான் இருக்கு.

— அப்போ போர்வை கொடு. குளிருது. இல்ல, எடுத்துடு. படுக்க முடியல. அப்படித் திரும்பினாலும் முடியல, இப்படித் திரும்பினாலும் முடியல. நீ ஏன் தள்ளிப் போய் நிக்கிறே?

— இங்கதாங்க இருக்கேன், உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு. இருங்க, ரெண்டு வாய் தண்ணி கொடுத்துடறேன், ஆனது ஆகட்டும். மணியையும் அழுத்திட்டேன்.

— அம்மா, தண்ணி கொடுக்காதீங்க! டம்ளரைக் கீழ வைங்க.

— வந்துட்டியா? இந்தத் தடவை வணக்கமெல்லாம் காணோம்?

— திரும்ப தியேட்டருக்கு எடுத்துட்டுப் போக வேண்டியிருக்கும்மா. வயித்துல தண்ணி இருக்கக் கூடாது. சிஸ்டர்கிட்ட சொன்னேன். அவங்களால அந்த அம்மாவை விட்டு நகர முடியல. டாக்டருக்கு போன் பண்ணினேன், மணிப் பொண்ணுங்க நம்பர்னா எடுக்க மாட்டாங்க. நர்ஸ்தான் கூப்பிடணும்னு விதி.

— இதுவும் உங்க விதியாங்க?

— டாக்டரைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு... ஏ பொண்ணே, மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. அணை.

— சார், நான் அணைக்காம விட்டா என்ன ஆகும்னு தெரியும்ல?

— தெரியாதா? நிமிஷம் தாண்டினா டைரக்டர் ரூமுல சிவப்பு விளக்கு எரியும். பெரிய டாக்டர்ல இருந்து எல்லாரும் இந்த ரூமுக்கு ஓடி வரணும். ஆனா அது எரிஞ்சதே இல்ல. இதுவரைக்கும் ஒரு தடவைகூட!

— எரியாதுதானே சார். நாங்கதான் அணைச்சுடுறோமே.

— அம்மாடி, அப்போ இந்த ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரை வரவழைக்க ஒரே வழி, மணியை அணைக்காம விடுறதுதானா?

— ஆமாம்மா. அதைத்தான் சொல்ல வந்தேன்.

— முடியாது! அணைச்சுடு. ஒரு சிவப்பு விழுந்தா போர்டை மாத்தி எழுதணும். விருதுக்காரங்க கேப்பாங்க. அதுவும் என் ரூமுல இருந்தா? தலைவர் ரூமுலயே தவறுன்னு ஊரே சிரிக்கும்.

— சிரிக்கட்டுமே! விருதுக் கேடயத்தைச் சுவத்துல மாட்டுங்க. பக்கத்துலயே உங்க போட்டோவையும் மாட்டிடறேன். ரெண்டையும் சேத்துத் தொடைக்கிறது எனக்கும் சுலபம்.

— நீ பேசாம இரு. எனக்கு ஒண்ணும் இல்ல. லேசா... கண்ணு இருட்டுது. விளக்கை யாரு அணைச்சா?

— யாரும் அணைக்கலங்க. பகல் வெளிச்சம். நான் உங்க முன்னாடிதான் நிக்கிறேன்.

— தெரியல. உன் குரல் மட்டும் கேக்குது. ஏய்.

— சொல்லுங்க.

— எனக்கு பயமா இருக்கு.

— எனக்கு விடிஞ்சதுல இருந்தே பயமாத்தான் இருக்கு. நீங்க ஒத்துக்கறதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

— சார், நீங்க சொல்லுங்க. அணைக்கவா?

— வேண்டாம்... அடிக்கட்டும். அடிச்சுக்கிட்டே இருக்கட்டும்மா.

— சரி. அம்மா, அந்தத் தலையணையை உருவுங்க. இப்படி இல்ல, தலை தாழ்ந்து இருக்கணும். நாற்காலியில இருக்கிற மெத்தையை மடிச்சு அவர் காலுக்கு அடியில கொடுங்க. நான் கட்டில் பிடியைச் சுத்துறேன். சார், கையை இங்க கொடுங்க. பேசாதீங்க, நான் நாடியை எண்ணணும்.

— தொடுறா! மணிப் பொண்ணு தொடக் கூடாது... அது...

— தொடட்டும், நீங்க கம்முனு கிடங்க! எப்படிம்மா இருக்கு?

— நூல் மாதிரி ஓடுது. ரொம்ப வேகம். உள்ள எங்கேயோ கட்டு விட்டு ரத்தம் கசியுது. சலைன் சொட்டுறது போதாது, முழுசா திறந்து விடுறேன். சார், கண்ணை மூடாதீங்க. என்னைத் திட்டுங்க. உங்க விதியெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லுங்க.

— விதி... ஒண்ணு... சிரிச்ச முகம்...

— அடுத்தது?

— உடுப்பு... சுத்தமா...

— நல்லா சொல்லுறீங்க. நிறுத்தாதீங்க. அம்மா, வராந்தாவுல என்ன சத்தம்?

— ஓடி வர்றாங்க! கோட்டுப் போட்டவங்க ஒரு கூட்டமே ஓடி வருது. முன்னாடி டைரக்டர், செருப்பு ஒரு காலுலதான் இருக்கு. ஏங்க, கேக்குதா? உங்க போர்டு சிவந்துடுச்சு, உங்க பெரிய டாக்டர் பறந்து வர்றாரு! பின்னாடி ஒருத்தி பூங்கொத்தைக்கூடக் கீழ வைக்காம வர்றா.

— ஏன் அணைக்கலன்னு... கேப்பாங்க... நான்தான் சொன்னேன்னு சொல்லு. தலைவர்... உத்தரவு.

— சொல்றேங்க. முதல் தடவையா ஒரு நல்ல உத்தரவு. அம்மாடி, வாசல்ல வந்துட்டாங்க. நீ மட்டும் இல்லன்னா இவர் தாகத்துக்குத் தண்ணி கொடுத்தே நான் அனுப்பி வச்சிருப்பேன். அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன். சிரிக்க மட்டும் தெரிஞ்ச பொண்ணுக்கு இவ்வளவும் எப்படித் தெரிஞ்சதுன்னு அந்த டைரக்டரே உன்னைக் கேக்கட்டும்.

— ஐயோ வேண்டாம்மா, இந்த வேலையும் போயிடும். மணியை அணைக்க மறந்துட்டேன்னே சொல்லுங்க, அது திட்டோட போயிடும். நர்ஸ் வேலைக்கு வந்தப்போ இடமே இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, அதனால நர்சிங் பட்டத்தை மறைச்சுத்தான் இந்த வேலைக்கு வந்தேன்.