வருஷம் போடாத ஆறு கிளாஸ்

— அன்னிக்கு ஒயின் கம்பெனியில யார் யார் இருந்தாங்கன்னுதானே கேட்ட, வெங்கடப்பா? கேட்டுக்க. லேப் மேடம் ராஜலட்சுமி. பெங்களூர்லேர்ந்து ருசி பார்க்க வந்த ஜெகதீஷ். கிளாஸ்ல ஊத்தின ஆஞ்சப்பன். நம்ம வீட்டு மருமக ஜெயப்ரியா. அப்புறம் நான். அஞ்சு பேர். ஆறாவது ஆள் கிடையாது.

— நீங்களே உக்காந்திருந்தீங்களா, குருமூர்த்தி அண்ணா? ஒயின் கம்பெனியிலயா?

— நம்ம தோட்டத்துத் திராட்சை பன்னெண்டு வருஷமா அங்கதான் போவுது. மருமக வேலை செய்யற இடம் எப்பிடின்னு பார்க்கப் போனேன். விருந்தாளின்னு நாற்காலி போட்டாங்க.

— தப்பா நினைக்காதீங்கண்ணா. சூளகிரி பஸ் ஸ்டாண்டு பூரா இதே பேச்சு. உங்க மருமக குடிச்சிட்டு விழுந்துட்டாளாம், கார்ல தூக்கிப் போட்டுக் கொண்டாந்தாங்களாம். தர்மபுரி வரைக்கும் போயிடுச்சு. நம்ம தர்ஷினியைக் கேட்டு வந்த சம்பந்தி வீட்டுல, ரெண்டு மணிக்குள்ள பதில் சொல்லுன்றாங்க.

— என்ன பதில்?

— இந்தப் பொண்ணு வேலையை விட்டுட்டான்னு. ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா போட்டோ எடுத்து அனுப்பிடுவேன். என் பொண்ணு கல்யாணம்ணா.

— சின்ன மாமா, அங்க யாரும் குடிக்கிறதுக்கு உக்கார்றது இல்ல.

— பின்ன என்னம்மா ஜெயப்ரியா? ஒயினை முன்னாடி வச்சுக்கிட்டுக் கும்பிடவா செய்வாங்க?

— நிறம் பார்ப்போம், மோந்து பார்ப்போம், ஒரு வாய் வச்சு நாக்கு பூரா உருட்டுவோம், பக்கெட்டுல துப்பிடுவோம். இது இனிப்பு ஒயின். சாறு புளிச்சுக்கிட்டிருக்கும்போதே நடுவுல பிராந்தி ஊத்தி நிறுத்திடுவாங்க. சர்க்கரை அப்பிடியே தங்கிடும், வீரியமும் ஏறிடும். முழுங்கினா மூணாவது கிளாஸ்லயே நாக்கு பொய் சொல்லும்.

— எந்த வருஷத்துச் சரக்கு?

— வருஷமே கிடையாது. நாலஞ்சு வருஷத்துப் பீப்பாய்களைக் கலந்தது. பாட்டில்ல வருஷம் போட மாட்டாங்க.

— அய்ய, ஜாதகமே இல்லாம பொருத்தம் பார்க்கிற கதையா இருக்குது.

— ஜாதகம் இல்லாததாலதான் ஆளையே பார்க்க வேண்டியிருக்குது, சின்ன மாமா. பழைய பீப்பாய் கலந்திருந்தா கிளாஸ் ஓரத்துல செங்கல் நிறம் தட்டும், வெல்லப்பாகு வாசனை வரும். முழுக்கப் புதுசுன்னா ஜாம் மாதிரி வெறுமனே தித்திக்கும், தொண்டையில பிராந்தி தனியா எரியும். நாலாம் நம்பர் கிளாஸ் அப்பிடித்தான் இருந்துச்சு. தேறாதுன்னு எழுதினேன்.

— அது நம்ம தோட்டத்துத் திராட்சை, வெங்கடப்பா. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் சொன்னாங்க.

— நம்ம திராட்சையவே தேறாதுன்னியா!

— திராட்சைல குறை இல்ல. அவசரப்பட்டுக் கலந்துட்டாங்க. இன்னும் ரெண்டு வருஷம் பீப்பாய்ல கிடக்கட்டும்னேன். ஜெகதீஷ் சாரும் அதையேதான் எழுதினாரு. அடுத்த மாசத்துலேர்ந்து எந்தக் கலவை வெளியே போகணும்னாலும் என் கையெழுத்துதான்னு மேடம் சொல்லியிருக்காங்க. ஏழு வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தேன்.

— நல்லதும்மா. தப்பா நினைக்காத, ஆனா நம்ம தெரு ஜோதிமணி கண்ணால பார்த்திருக்கிறா. கம்பெனி கேட்ல உங்க கார் வெளியே வரும்போது பின்சீட்டுல ஒரு ஆள் கிடந்துச்சாம். தலை தெரியல, போர்த்தின சால்வை மட்டும்தானாம். நீதான் துப்பிட்டியே. அப்ப கிடந்தது யாரு?

— அதைக் கேக்காதீங்க, சின்ன மாமா. லெட்டர்தானே வேணும்? பேப்பர் குடுங்க, எழுதித் தரேன்.

— ஜெயப்ரியா. பேனாவை வை.

— வேணாம் மாமா. இது இதோட முடியட்டும்.

— வைன்னு சொன்னேன். வெங்கடப்பா, நம்ம குடும்பத்துல நாலு தலைமுறையா எவனும் குடியைத் தொட்டதில்லை.

— தெரியாமலாண்ணா? உங்க பேரைச் சொல்லித்தான் தர்ஷினிக்குச் சம்பந்தமே வந்துச்சு.

— அன்னிக்கு எனக்கும் ஆறு கிளாஸ் வச்சாங்க. இதுல ஒண்ணு உங்க தோட்டம், எதுன்னு சொல்லுங்க பார்க்கலாம்னாரு அந்த ஜெகதீஷ். விருந்தாளின்னு ஆஞ்சப்பன் எனக்கு மட்டும் தாராளமா ஊத்தினான். துப்பிடுங்க மாமான்னு இவ ரெண்டு தரம் சொன்னா. உபசரிச்சுக் குடுத்ததை அவங்க கண்ணு முன்னாடியே துப்பறது நம்ம வீட்டு மரியாதை இல்லைன்னு அதட்டினேன்.

— அண்ணா... நீங்க என்ன சொல்றீங்க?

— சம்பந்திக்குப் போன் போடு. இவ வேலையை விடமாட்டா. விழுந்தது மருமக இல்ல, மாமனார்னு சொல்லு.