ஆள் இல்லை என்று கொடி கட்டிய வீடு

தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு இந்தக் கொட்டகையை நமக்கு அவையாக்கித் தந்து, தலைமைப் பொறுப்பும் ஏற்றிருக்கும் கார்வெல் மாவட்டத் தொண்டர் படைத் தலைவி ரோவீனா ஹாஸ்கெல் அவர்களே! எழுபது பனிக்காலம் கண்ட பின்னும் இருபது மைல் தாமே வண்டியோட்டி வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! பீச் கேக்கும் காப்பியும் சுமந்து வந்த தாய்மார்களே! மாடு மேய்ப்பவர்களே, ஆடு வளர்ப்பவர்களே! மண்ணோடு மல்லுக்கட்டி மழைக்காக வானம் பார்க்கும் என் மக்களே! எல்டன் ப்ரூயிட்டின் வணக்கம்.

என்னை இந்த ஊர்க் கூட்டத்தில் பார்த்துப் பன்னிரண்டு ஆண்டு ஆகிறது. என்ன, பின்னால் யாரோ சொல்கிறார்கள்... "செத்துட்டார்னுல்ல நெனச்சோம்!" சிரியுங்கள், சிரியுங்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தீ வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தலைவி அவர்கள் பேசச் சொன்னார். அதில் நான் கெட்டிக்காரன். வீட்டைச் சுற்றி நூறு அடிக்குப் புல் பூண்டு விடாமல் வெட்டினேன். கூரைக்குத் தகரம் போட்டேன். தொட்டி நிறையத் தண்ணீர், பெட்டி நிறைய உணவு, பை நிறைய மருந்து. வானொலி வைத்தேன், விளக்கு வைத்தேன், எல்லாம் வைத்தேன். ஆனால் ஒரே ஒரு மனிதரையாவது வைத்தேனா? வைக்கவில்லை!

என் மனைவி லோர்னா ஒரு வசந்தத்தில் போய்ச் சேர்ந்தாள். அவள் வளர்த்த நாய் மட்டும் மிச்சம். அந்த இலையுதிர் காலத்தில் அது ஓடையைத் தாண்டிப் போய் அக்கரை ஆட்டுக்குட்டிகளைக் கடித்தது. அக்கரைக்காரி மாய்ட்டே எச்செவெரி அதைச் சுட்டுவிட்டாள். சட்டம் அவள் பக்கம். நியாயமும் அவள் பக்கம். ஆனால் என் பக்கம் யார் இருந்தார்கள்? அன்று வாயிலைப் பூட்டினேன், தொலைபேசியைத் துண்டித்தேன். ஆபத்தென்றால் கூப்பிட எண் கேட்டு மாவட்டத்தார் வந்தார்கள். கொடுக்க மாட்டேன் என்றேன். பதினோரு ஆண்டு அந்தப் பெண்ணோடு ஒரு சொல் பேசவில்லை.

போன ஆகஸ்டு. பகல் இரண்டு மணி. தெற்கு மலை முகட்டில் புகை எழுந்து, புகைக்குள் செம்மை எழுந்து, காற்று நம் பக்கம் திரும்பியது. என் வண்டி பழுது பார்க்க ஊருக்குள் போயிருந்தது. நான் வீட்டின் பின்புறம் நீரேற்றும் பொறியை ஓடவிட்டுச் சுவர்களை நனைத்துக்கொண்டிருந்தேன். பொறியின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. முன்பக்கம் வந்தபோது தொண்டர்களின் வண்டி கிளப்பிய புழுதி மட்டும் தெரிந்தது. வாயில் கம்பத்தில் ஆரஞ்சுக் கொடி ஒன்று பறந்தது. அதற்குப் பொருள் உங்களுக்குத் தெரியும். 'தேடியாயிற்று, ஆள் இல்லை.'

அவர்கள்மேல் என்ன பிழை? பூட்டிய வாயில், வண்டி இல்லாத முற்றம், அழைக்க எண் இல்லாத பெயர். வேறென்ன நினைப்பார்கள்?

கத்தினேன். காற்று அதை வாங்கிக்கொண்டு போனது. பிறகு உள்ளே போய் உட்கார்ந்தேன். தாய்மார்களே, ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்குப் பயம் வரவில்லை. பயம் வந்திருந்தால்கூட நல்லது. அந்தக் கொடி சொல்வது சரிதான் என்று தோன்றியது. இந்த வீட்டில் ஆள் இல்லை. பல ஆண்டுகளாகவே இல்லை.

அதே நேரம் சாலைச் சந்திப்பில் நடந்ததை, அங்கே வழியை மறித்து நின்ற தொண்டர் நோரீன் பிறகு சொன்னார். மாய்ட்டே பாதி ஆடுகளை ஊருக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மீதியை ஏற்றவும் கூரையை நனைக்கவும் திரும்பிக்கொண்டிருந்தாளாம்.

"ஒரு தடவைதான் போக விடுவேன். சீக்கிரம் வந்துடணும்" என்றார் நோரீன்.

"ப்ரூயிட் எங்க?"

"அந்த வீடு காலி. பாத்துட்டுத்தான் கொடி கட்டினோம்."

"காலியா? காலையில ஏழு மணிக்கு நாலு சட்டை காயப் போட்டான். மூணு நீலம், ஒண்ணு வெள்ளை. வண்டி இல்லாதவன் பறந்தா போனான்? உள்ளதான் இருக்கான் அந்த மடையன்!"

ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையை அவள் தன் வீட்டுக்குச் செலவழிக்கவில்லை. என் பூட்டிய வாயிலை வண்டியாலேயே இடித்துத் திறந்து, முற்றத்தில் வந்து நின்றாள்.

"ஏறுய்யா!"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பதினோரு ஆண்டுக்குப் பிறகு முதல் சொல்! "என் நாயைச் சுட்டவ வண்டியில ஏற மாட்டேன்."

"அப்போ நாயை நேர்லயே போய்ப் பாக்கப் போறியா? ஏறு! இல்லேன்னா உன்னையும் சுட்டுத் தூக்கிப் போட்டுட்டுப் போவேன்!"

ஏறினேன். ஆமாம், கைதட்டுங்கள். ஆனால் எனக்கல்ல, அவளுக்கு! மைல் கணக்கில் புகைக்குள் போனோம். கண்ணாடியில் சாம்பல் அப்பியது. நான் கேட்டேன்: "நாலு சட்டைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்: "உன் பக்கம் பாக்காம வேற எந்தப் பக்கம் பாக்கறது? எட்டு மைலுக்கு வேற ஆளே இல்லையே."



என் வீடு நின்றது. வெட்டிய புல் காத்தது, தகரக் கூரை காத்தது. அவள் வீடு எரிந்தது. மீதி ஆடுகளும் போயின. "என் வீட்ல வந்து இரு" என்றேன். "உன் காப்பியக் குடிச்சுக்கிட்டா? அதுக்குத் தீயே தேவலை" என்று சிரித்தாள். கண்கள் சிரிக்கவில்லை. இருநூறு மைல் தள்ளி, தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது என் சன்னலில் நின்றால் அக்கரையில் ஒரு புகைபோக்கி மட்டும் நிற்கிறது.

என் மக்களே! புல்லை வெட்டுங்கள்; வெட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் சேருங்கள், உணவு சேருங்கள், பை கட்டுங்கள். ஆனால் நீங்கள் வீட்டில் இருப்பது யாருக்குத் தெரியும்? நீங்கள் கோபித்துக்கொண்டிருப்பவருக்காவது தெரியுமா? பேசாதவரோடு பேசுங்கள். பார்க்காதவரைப் பாருங்கள். நெருப்பு வேலியைப் பார்த்து வருவதில்லை. பழைய பகையைப் பார்த்து ஒதுங்குவதுமில்லை!

வீட்டைத் திரும்பக் கட்டுவாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வசந்தத்தில் வந்து பார்ப்பாளாம். இந்த மாதம் ஓடையின் மேல் நானே ஒரு மரப்பாலம் போட்டிருக்கிறேன். இரண்டு பலகை, ஒரு கைப்பிடி. அக்கரையில் போய்ப் பேச ஆள் இல்லை. ஆனாலும் போட்டேன். காலையில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

என் தனிமையை இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்டிருந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. போகும் வழியில் விளக்கெரியும் ஏதாவதொரு வாசலில் வண்டியை நிறுத்திக் கதவைத் தட்டுங்கள். வணக்கம்!