இருபத்தேழாம் வீடு

– “இருபத்தேழாம் வீட்டுத் தாய். வயது முப்பத்தொன்று. எழுந்தவுடன் சன்னல்களைத் திறப்பார். துணி மடிக்கும்போது தனக்குள் முணுமுணுப்பார். குழந்தையிடம் பேசுவது மிகக் குறைவு.” ஏங்க, இது நான்தானே?

– என் மேசையை யார் தொடச் சொன்னது?

– தூசி தட்ட வந்தேன். நாப்பது வீட்டுல ஆய்வு பண்றேன்னீங்க. அதுல நம்ம வீடும் ஒன்னுன்னு சொல்லலியே.

– அலமாரி மேல ஒலிப்பதிவுக் கருவி இருக்குன்னு தெரிஞ்சா நீ இயல்பாப் பேச மாட்டே. இந்தா பாரு, பொறுமையா யோசி.

– யோசிக்கிறேன். இந்தப் படத்துல கீழ் மூலையில தனியாக் கிடக்கிற புள்ளி யாரு?

– நீயும் பாப்பாவும். குறுக்கே போற அளவு அம்மா பேசுற வார்த்தை. மேலே ஏறுற அளவு பிள்ளை பேசுற வார்த்தை. ஒன்னு கூடினா இன்னொன்னும் கூடுது, குறைஞ்சா குறையுது. இதுக்கு ஒட்டுறவுன்னு பேரு.

– அப்ப, ரெண்டே முக்கால் வயசாகியும் பாப்பா அம்மான்னு கூடச் சொல்லாததுக்கு நான்தான் காரணமா?

– காரணம்னு நான் எழுதவே இல்லையே. ரெண்டும் சேர்ந்து போகுதுன்னுதான் எழுதியிருக்கேன். ஆய்வுல ஒரு சொல் பிசகக் கூடாது.

– காகிதத்துல பிசகல. உங்க அம்மாகிட்ட மட்டும் பிசகிடுச்சாக்கும். “உன் வாய் செத்துப் போனதாலதான் என் பேத்தி ஊமையானா”ன்னு அத்தை ஆறு மாசமா என்னைக் கரிச்சுக் கொட்டுறாங்க. அந்த வாசகத்தை அவங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

– அவங்களுக்குப் புரியுற மாதிரி சுருக்கிச் சொன்னேன்.

– காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்துச்சுன்னு காக்காயைத் தூக்குல போடுற கதையால்ல இருக்கு. மாசாமாசம் எண்ணி வச்சிருக்கீங்களே, அதையும் பாத்தேன். முதல் மாசம் இந்த நாப்பது பேர்ல அதிகமாப் பேசினதே நான்தான். அப்புறம்தான் தேஞ்சுபோச்சு. சுவத்துக்கிட்ட எத்தனை நாளுங்க பேசுறது? கூப்பிட்டா பாப்பா திரும்பியே பாக்கல, அதனாலதான் என் பேச்சு நின்னுச்சு. நீங்க தலைகீழாப் போட்டிருக்கீங்க.

– பரவாயில்லையே. எது முந்தி, எது பிந்தின்னு கேக்கத் தெரிஞ்சிருக்கு. என் மாணவர்கள்ல பாதிப் பேருக்கு அது வராது.

– மெச்சினது போதும். அவ ஏன் திரும்பல?

– மூணாவதா ஒன்னு இருந்தா ரெண்டும் சேர்ந்தே குறையலாம்.

– அந்த மூணாவது என்ன?

– அதை இப்பக் கிளறாதே.

– கேக்கறேன்ல.

– ஆய்வுக்கு நடுவுல எல்லாப் பிள்ளைகளுக்கும் காது சோதிச்சோம். பாப்பாவுக்கு ரெண்டு காதும் கேக்கல.

– தடுப்பூசின்னு நீங்க தனியாத் தூக்கிட்டுப் போனீங்களே, அன்னிக்கா?

– ஆமா.

– ஏழு மாசம் ஆச்சேங்க.

– குறையுள்ள பிள்ளையைச் சேர்க்கக் கூடாதுன்னு விதி. அந்த ஒரு புள்ளியை எடுத்தா படத்துல ஏறுற கோடு படுத்துடும்; மிச்ச முப்பத்தொம்பது வீட்டுலயும் சொல்லிக்கிற மாதிரி ஒன்னுமே இல்ல. வைத்தியம்னு போனா எல்லாருக்கும் தெரிஞ்சுடும். இன்னும் ரெண்டே மாசம், ஆய்வேட்டை ஒப்படைச்சுட்டா…

– கூப்பிட்டதுக்குத் திரும்பலன்னு நேத்து அவளை முதுகுல அறைஞ்சேன். எதுக்குன்னே தெரியாம என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா. நீங்க எதிர்ல உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தீங்க.

– நடுவுல நுழையக் கூடாது. கவனிக்கிறது மட்டும்தான் இந்த முறை.

– இதுல சேர்ந்தவங்க விலகிக்கலாமா?

– எப்ப வேணும்னாலும் விலகலாம். ஏன்னு சொல்லக்கூடத் தேவையில்ல. ஆனா நம்ம வீட்டுக்கு நான்தான் சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

– நானும் பாப்பாவும் விலகிக்கிறோம். பத்து மணிக்குக் காது டாக்டரைப் பாத்துட்டு, அங்கேயிருந்து அப்படியே அண்ணன் வீட்டுக்குப் போயிடறோம்.