யாரும் கேட்காத குமிழித் தட்டு

மாம்லே: கண்ணாடித் தட்டு ஆறிடுச்சு தெயே! சத்தியமா ஆறிடுச்சு. சூளையை மூடியிருக்கற தகரத்தை நகத்து.

தெயே: தொடாதே! சூளை வாய்கிட்ட கையை வச்சுப் பாரு... இன்னும் அனல் அடிக்குது.

மாம்லே: அனலா அது? மத்தியான வெயில்!

தெயே: போன தடவையும் இதையேதான் சொன்னே. திறந்தோம். டக்குனு ஒரு சத்தம், தட்டு ரெண்டா விரிஞ்சுது...

மாம்லே: போதும், போதும். அதுக்கு முந்தினது யார் கைங்கரியமாம்? சமையல் சோடாவை அள்ளிக் கொட்டினது யாரு?

தெயே: கேக்குக்குப் போடற அளவுன்னு நினைச்சேன்...

மாம்லே: கேக்காட்டமேதான் உப்பிச்சு! ஒரே குமிழி, தவளை வயிறு மாதிரி. பட்டுனு வெடிச்சுது.

தெயே: சிரி, நல்லா சிரி. ஒடுமாசே ஊர்ல கண்ணாடிப் பாசிமணி சுடறவன் நான். மணியில குமிழி விழுந்தா கழிசல்னு தூக்கிப் போடுவோம். ஹோட்டல்காரர் குமிழிதான் வேணும்னா எனக்கு எப்படித் தெரியும்?

மாம்லே: அதுக்குத்தானே சந்தைக் கடையை விட்டுட்டு நான் வந்தேன்! சோடாவைத் தண்ணில கரைச்சு, பிரஷ்ல புள்ளி புள்ளியா வச்சேன். மேல இன்னொரு ஜன்னல் கண்ணாடியை நீ மூடினே. அதுவும் கோணலா.

தெயே: நேராத்தான் மூடினேன்.

மாம்லே: கோணல்தான்.

தெயே: ...சரி, தள்ளி நில்லு. திறக்கறேன்.

மாம்லே: மெதுவா... மெதுவா! ஐயோ, நான் பாக்கலே. உடைஞ்சிருக்கா? பேசேன்! தெயே!

தெயே: கண்ணைத் திற.

மாம்லே: அய்யய்யோ... ரெண்டு கண்ணாடியும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு! குமிழியைப் பாரேன்... நான் வச்ச புள்ளி ஒண்ணுகூடத் தப்பலே! ஆத்துக்கடியில மீன் மூச்சு விட்டா வருமே, அப்படியே!

தெயே: வெளிச்சத்துல தூக்கு. துணியால பிடி, துணியால!

மாம்லே: உள்ளே வெள்ளியா மின்னுது... எனக்கு ஆடணும்போல இருக்கு!

தெயே: தட்டைக் கீழே வச்சிட்டு ஆடு, தாயே.

மாம்லே: ஆட்டமெல்லாம் அப்புறம். அக்ரா வண்டி கிளம்பற நேரம். இதைக் கேட்ட ஹோட்டல்காரர் கையில நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்.

தெயே: இன்னிக்கா? அவர்... ஊர்ல இல்லே.

மாம்லே: மேனேஜர்கிட்ட கொடுத்துட்டு வரேன்.

தெயே: மேனேஜரும்... நீ முதல்ல சாப்பிடு மாம்லே. கென்கே உருண்டை சூடா இருக்கு. மீன்கூடப் பொரிச்சு வச்சிருக்கேன்.

மாம்லே: பேச்சை மாத்தாதே. ஹோட்டல் பேர் என்ன?

தெயே: பேரா... கடலோரமா இருக்கும்.

மாம்லே: கடலோரம் பூரா ஹோட்டல்தான். பேரைச் சொல்லு.

தெயே: அப்படி ஒரு ஹோட்டலே இல்லே! போதுமா? ஹோட்டல்காரரும் இல்லே, யாரும் கேக்கவும் இல்லே. குமிழி வைக்கத் தெரியும்னு நீ சந்தையில சொல்லிக்கிட்டிருந்தே. உன்னை இங்கே வரவைக்க எனக்கு வேற வழி தெரியலே. திட்டறதுன்னா திட்டிக்கோ.

மாம்லே: எதுக்குத் திட்டறது? எனக்குத் தெரியும்.

தெயே: என்னது!

மாம்லே: முதல் தட்டு வெடிச்ச அன்னிக்கே தெரியும். ஆர்டர் போச்சேன்னு அழவேண்டிய மனுஷன், பல்லெல்லாம் தெரிய நிக்கறே... "அப்போ நாளைக்கும் வரணும் நீ"ங்கறே.

தெயே: தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா வந்துக்கிட்டே இருந்தே? எதுக்கு?

மாம்லே: நீ எதுக்குப் பொய் சொன்னியோ, அதுக்கேதான்.