பூனைக்குக் கதவு திறந்தது

போடியிலிருந்து மலைமேல் மெட்டுக்கு ஏறின ஜீப்பில் டிரைவர் இருந்தார். பச்சைச் சேலைக்காரி ஒருத்தி இருந்தாள். பக்கத்தில் அவள் மதினி இருந்தாள். பின்னால் நான். டிரைவர் தவிர எல்லாரும் ஏலக்காட்டுச் சோலிக்குப் போகிற ஆட்கள்.

பச்சைச் சேலைக்காரி திடீரென்று கேட்டாள்.

"விடிஞ்சதும் பூனைக்குக் கதவத் தொறந்து விடுறது தப்பா மதினி?"

"இதென்ன கேள்வி? தொறக்கலேன்னா அது கத்தியே ஊரக் கூட்டிப்புடும்."

"ஜெர்மனில தப்பாம். மக வீட்டுல ரெண்டு பூனை. வாசப்படி தாண்ட விடமாட்டாக."

"வெளிய போக அதுக்கும் விசா வேணுமோ?" என்று டிரைவர் சிரித்தார். அவர்கள் சிரிக்கவில்லை.

"நான் அங்க போயிருந்தப்ப, ஒருநா காலையில ஒண்ணு கதவுகிட்ட நின்னு கத்துச்சு. மகளும் மருமகனும் தூங்குனாக. பாவம்னு தொறந்து விட்டேன்."

"திரும்ப வந்துருமே."

"வரல. ரோட்டுல காரு அடிச்சுப் போட்டுருச்சு."

"ஆத்தாடி. மக வஞ்சாளா?"

"வஞ்சிருந்தா தேவலையே. பேச்ச நிறுத்திட்டா. புள்ளையில்லாத வீடு மதினி. முந்தியெல்லாம் எப்பப் போன்ல சாப்டீங்களான்னு கேட்டாலும், பூனையவும் சேத்து, நாலு பேரும் சாப்ட்டோம்மான்னு சொல்லுவா."

ஜீப் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. மதினி கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஊருக்கு வந்தப்புறமாச்சும் பேசினாளா?"

"நேத்து நானே போட்டேன். எடுத்தா. எல்லாரும் சாப்டீங்களா ஆத்தான்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"அம்மான்னு வாயில வரல. மூணு பேரும் சாப்ட்டோம்னா. மூணு."