ஆளை எண்ணக் கூடாத வீடு

ஓடுகிறேன். இடுப்பில் குழந்தை. சங்கு ஊதுகிறது. ஒன்று. இரண்டு. மூன்றாவது ஊதுவதற்குள் குழிக்குள் இருக்க வேண்டும்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கத்துவது நான்தான். குதிக்கிறேன். குழந்தை எனக்கு அடியில். அவள் காதுகளைப் பொத்துகிறேன். வாயைத் திறந்து வை என்கிறேன். மதியம் ஒன்று பத்து. வெடிக்கிறது. முதலில் நிலம் அசைகிறது. பிறகுதான் சத்தம். நிலம் முந்தினால் தூரம். இரண்டும் ஒன்றாக வந்தால் பக்கம். இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை.

மண் உதிர்ந்து அடங்குகிறது. தலையைத் தூக்கிச் சத்தமாக எண்ணுகிறேன். குழந்தை, ஒன்று. கிணற்றடியில் அவள் அக்கா, இரண்டு. கொட்டகையில் அவள் அப்பா, மூன்று. வாசலில் விளக்குமாறோடு அவள் அம்மா, நான்கு. பெரியவர்கள் இருவரும் அக்காவும் நின்றபடியே என்னைப் பார்க்கிறார்கள். ஒருவரும் படுக்கவில்லை.

அது வன்னி இல்லை. அரியலூருக்குக் கிழக்கே, விக்கிரமங்கலம் போகும் வழியில் ஒரு ஊர். சங்கு ஊதி வெடி வைத்தது சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில். ஊரில் மைன்ஸ் என்பார்கள். நான் குதித்தது கக்கூஸ் தொட்டிக்காகத் தோண்டிப் போட்டிருந்த குழி. போர் முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. என் கால்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

நான் இருக்கும் அகதி முகாமில் பழைய வீடுகளை இடித்துப் புது வீடு கட்டுகிறார்கள். அதுவரை ஆளுக்கொரு இடம் தேட வேண்டும். எனக்குத் தேட ஆளில்லை. பருத்தி எடுக்கும் வேலையில் பழக்கமான கொளஞ்சி அக்கா, தன் வீட்டில் வந்து இருக்கச் சொன்னார். முகாம் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு பெட்டியோடு வந்தேன். மாசி மாதம். வந்த மறுநாள்தான் இந்த ஓட்டம்.

பக்கத்து வீடுகளில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். குழந்தை வர்ஷினிக்கு நாலு வயது. முட்டி சிராய்த்துவிட்டது. அக்கா மஞ்சள் வைத்தார், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குப் பொறுக்காதது வேறு.

"ஆட்ட எண்ணு, மாட்ட எண்ணு. மனுசங்கள எண்ணாத, தங்கச்சி. வூட்டுக்கு ஆவாது."

எண்ணாமல் இருக்கேலாது அக்கா என்றேன்.

சாயங்காலம் உப்பும் மிளகாயும் எடுத்து வந்தார். புருஷன், பெரியவள் சுகன்யா, வர்ஷினி மூவரையும் கிழக்கே பார்த்து உட்கார வைத்துச் சுற்றினார். பிறகு தானும் உட்கார்ந்து சுகன்யாவைச் சுற்றச் சொன்னார். நான் தூணோரம் நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. பட்ட கண்ணே என்னுடையது, என்னை எதற்கு உட்கார வைப்பார்கள். மிளகாய் அடுப்பில் விழுந்தது. நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது நிஜம் என்று அர்த்தம். அக்கா தலையாட்டிக்கொண்டார். அன்றைக்கு என் தட்டில் சோறு முதல் நாளைவிடக் கூடுதலாக விழுந்தது.

நான் ஏன் எண்ணுகிறேன் என்று சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வன்னியில் கடைசி மாதங்கள். பதுங்குகுழியில் நாங்கள் ஆறு பேர். அப்பா, அம்மா, பெரியம்மா, அக்கா, நான், தம்பி. ஒவ்வொரு செல் குண்டு விழுந்த பிறகும் அம்மா எண்ணுவார். புழுதியில் முகம் தெரியாது. தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். ஒரு செவ்வாய்க்கிழமை காது அடைத்துத் தலை சுற்றி அம்மா கிடந்தார். காலை ஆறு இருபது. தூரத்தில் செல் ஏவும் குத்துச் சத்தம், பிறகு கூவிக்கொண்டு வருகிறது. ஒன்பது விநாடி. விழுகிறது. "எண்ணு!" என்று அம்மா கத்துகிறார். நான் தலைகளைத் தொடுகிறேன். ஆறு என்கிறேன்.

ஐந்துதான். ஆறாவது, பக்கத்துக் குடிசையிலிருந்து ஓடி வந்து விழுந்த ஒரு பிள்ளையின் தலை. தம்பி வெளியே. பத்து அடி தூரத்தில். நான் ஆறு என்று சொன்னதால் யாரும் வெளியே போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் போனோம். உடம்பில் சூடு இருந்தது. எவ்வளவு நேரம் கூப்பிட்டான் என்று தெரியாது. எங்கள் யாருக்கும் காது கேட்கவில்லை.

அதனால் எண்ணுகிறேன். கொளஞ்சி அக்கா வீட்டில் வாயைத் திறக்காமல், கண்ணால் எண்ணினேன். மைன்ஸில் ஒருநாள் விட்டு ஒருநாள் வெடி. நான் ஓடுவதை நிறுத்தினேன். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினேன். நன்றாகிவிட்டாள் என்று ஊரே நினைத்தது. வர்ஷினி மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டாள். அவளோடு பேசும்போதுதான் என் பேச்சு எனக்கே கேட்டது.

சித்திரை. வெள்ளிக்கிழமை. சங்கு மூன்று தரம். மதியம் ஒன்று பன்னிரண்டு. நிலம், பிறகு சத்தம். கண்ணால் எண்ணினேன். மூன்று.

மறுபடி எண்ணினேன். மூன்று.

"வர்ஷினி இல்லை! அக்கா, வர்ஷினி இல்லை!"

அக்கா வெங்காயக் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். குழிக்குள் கிடந்தாள். குப்புற. காதைப் பொத்தி, வாயைத் திறந்து. நான் காட்டியது ஒன்றைக்கூட மறக்கவில்லை. அக்கா தூக்கியதும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நீ ஏம்மா படுக்கல? செத்துப் போவியே."

வாழ்க்கையில் நான் ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது இது ஒன்றுதான்.

அன்று அக்காவிடம் தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் சின்ன வெங்காயத்தை வால் அரிந்துகொண்டே கேட்டார். அரிவது நின்றது.

"ஒன் மேல குத்தம் இல்ல, தங்கச்சி. ஆனா எம் புள்ளைக்கு இந்தப் பயம் வேணாம்."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். முகாமில் சுவர் எழும்பிவிட்டது, தார்ப்பாய் கட்டிக்கொண்டால் போதும் என்று நானே சொன்னேன். பெட்டி கட்டக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பஸ் ஏற்றிவிட நால்வரும் வந்தார்கள். குழியை அதற்குள் மண் போட்டு மூடியிருந்தார் வர்ஷினியின் அப்பா. தூரத்தில் பஸ் தெரிந்தது. அக்கா பிள்ளைகளை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினார். புருஷனையும் வரச் சொன்னார்.

"எண்ணிட்டுப் போ."

பெட்டியைக் கீழே வைத்தேன்.

"வாயத் தொறந்து எண்ணு. ஒண்ணும் ஆவாது."

எண்ணினேன். சத்தமாக. ஒவ்வொரு தலையையும் தொட்டு.

இப்போது மற்றக் கணக்கு. நாளை யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது என்று எழுதி வைக்கிறேன். தம்பி, பத்து வயது, குழிக்கு வெளியே. பெரியம்மா, தண்ணீர் எடுக்கப் போன வழியில். அப்பாவும் என் அக்காவும் ஒரே செல்லில், பங்குனியில். அம்மா, கடற்கரைக்கு வந்த பிறகு, காயம் ஆறாமல். ஐந்து பேர். ஒரு வீடு. ஏழு தென்னை. அம்மாவின் தையல் மெஷின். ஐவரில் நால்வரை செல் அடித்தவர்கள் கொன்றார்கள். தம்பியை என் பேரிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

கொளஞ்சி அக்கா வீட்டில் நான்கு பேர். நால்வரும் இருந்தார்கள். சரியாக எண்ணினேன்.